ஒரு துளி இரத்தத்தில் நெளிந்த புழு

நாய் இருமினால் நம்மூர் வீடுகளில் முதலில் எழும் ஐயம் மீன்முள்ளைப் பற்றியது. வாயைப் பிளந்து பார்ப்பர். ஒரு பிடி சோற்றை உருட்டி விழுங்கக் கொடுப்பர். அதற்கும் அடங்காவிடின் மஞ்சளும் மிளகும் அடுப்பேறும். கோண்டாவிலில் வசிக்கும் நம் நண்பர் ஒருவரின் வீட்டில் சென்ற மாரிகாலத்தில் இவையெல்லாம் முறைப்படி நடந்தேறின. அவர் வீட்டு ஜிம்மிக்கு எட்டு வயது. இரவு முழுவதும் வாசற்படியில் படுத்து இருமும். பகலில் வேலியோரமாக இரண்டு முறை ஓடிவந்தாலே நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். நான்காவது வாரத்தில்தான் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றார்கள்.

வைத்தியர் ஒரு துளி இரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பின்னர், உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் நண்பரின் மகளை அழைத்து, "நீயும் பார் பிள்ளை" என்றார். செங்குருதிக் கலங்களின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, நூலிழை போன்ற ஒன்று சாட்டையைச் சுழற்றுவதுபோல் நெளிந்துகொண்டிருந்தது. "இன்னும் இரண்டு பரிசோதனை செய்ய வேண்டும், அதுவரை பொறுங்கள்" என்று வைத்தியர் கூறியனுப்பினார். ஆனால் பொறுமை வீட்டு வாசல்வரைகூட வந்து சேரவில்லை. எல்லாம் அறிந்த அயலவர் ஒருவர், "அது இருதயப் புழுவாகத்தான் இருக்கும்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அன்றிரவு வீட்டார் கைத்தொலைபேசியில் தேடிப் படித்தவற்றின் சாரம் இதுதான்: அப்புழுவைக் கொல்வதற்கு ஆசனிக்கு நஞ்சு கலந்த ஊசி ஏற்றவேண்டும், ஏற்றாவிடில் நாய் இறக்கும், ஏற்றினாலும் சில வேளை இறக்கும்.

மறுநாட் காலை நண்பர் நம் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். "அண்ணை, அந்த ஊசியைப் போடச் சொல்லவோ, வேண்டாமெண்டு விடவோ?" என்று கேட்டார். நாம் வைத்தியர் அல்லோம். வாரந்தோறும் இப்பத்தியை எழுதுகின்றோம் என்ற ஒரே குற்றத்துக்காக இத்தகைய வினாக்கள் நம்மைத் தேடி வருவதுண்டு. எனினும் நண்பரின் வினாவுக்கு முன்னால் கேட்கப்படவேண்டிய வேறொரு வினா இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிந்தது. இரத்தத்தில் நெளிந்தது எந்தப் புழுவின் குஞ்சு? அதை அறியாமல் ஊசியைப் பற்றிப் பேசுவது, கடித்த பாம்பு எதுவென்று அறியுமுன் மந்திரத்தைத் தொடங்குவது போன்றதாகும்.

நுளம்பு இத்தகைய இழைப்புழுக்களின் வாகனம் என்பதைக் கண்டவர் பற்றிக் மான்சன் என்னும் வைத்தியர். சீனத்தின் அமோய்த் துறைமுகத்தில் அவர் பணியாற்றிய காலம். 1877 ஆம் ஆண்டில், யானைக்கால் புழுவின் குஞ்சுகளை இரத்தத்தில் கொண்டிருந்த தம் தோட்டக்காரரை நுளம்புகள் கடிக்குமாறு செய்து, பின்னர் அந்நுளம்புகளைப் பிளந்து, உள்ளே குஞ்சுகள் வளர்வதைக் கண்டார். அவ்வூர் நாய்களின் இருதயங்களையும் அவர் அறுத்துப் பார்த்தவரே. நாயின் இருதயப் புழுவும் நுளம்பினாலேயே பரவுகின்றது என்பதை 1900 இல் இத்தாலியரான கிராசியும் நோயேயும் நிறுவினர். அப்புழுவுக்கு 1856 இல் அமெரிக்க அறிஞர் யோசப் லெய்டி இட்ட பெயரின் பின்பாதி "இம்மிற்றிஸ்" என்பது. இலத்தீன் மொழியில் அதற்கு "கொடியது", "இரக்கமற்றது" என்று பொருள். பெயரிட்டவர் மிகைப்படுத்தினார் என்று கூறுவதற்கில்லை.

நுளம்பு நோயுற்ற நாயைக் கடிக்கும்போது குஞ்சுகளையும் சேர்த்து உறிஞ்சுகின்றது. நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு வாரங்களுக்குள் அவை நுளம்பின் உடலில் வளர்ந்து, அடுத்த நாயின் தோலுக்குள் புக ஆயத்தமாகின்றன. புகுந்த குடம்பி தோலடியிலும் தசையிலும் சில வாரங்கள் திரிந்து, பின்னர் இரத்தத்தோடு சென்று, இருதயத்திலிருந்து சுவாசப்பைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளில் குடியேறும். ஆறு ஏழு மாதங்களில் அது முதிர்ந்து குஞ்சு பொரிக்கத் தொடங்குகின்றது. பெண் புழு ஓரடி நீளம் வரை வளரும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிர்வாழும். ஓரடி நீளமுள்ள புழுக்கள் பத்துப் பதினைந்து ஒரு நாயின் சுவாசப்பை நாடிகளில் கிடந்தால் அந்த இருதயம் எத்துணைப் பாடுபடும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். இருமலும் இளைப்பும் அதன் முறையீடுகள்.

ஆயினும் நாய் இரத்தத்தில் நெளியும் குஞ்சுகள் யாவும் இக்கொடியவனின் குஞ்சுகள் அல்ல. நம் தீவைப் பொறுத்தவரை இதுவே முக்கியமான செய்தி. இலங்கை நாய்களில் பெரிதும் காணப்படுவது இருதயப் புழுவின் தாயாதியான ரெபென்ஸ் என்னும் புழு. அது இருதயத்தை நாடுவதில்லை. தோலின் கீழே குடியிருந்து, பெரும்பாலும் நாய்க்குச் சிறு கட்டியும் சொறியும் தருவதோடு அமைகின்றது. இந்தியாவிலும் இவ்வேறுபாடு உண்டு. அசாம், மிசோரம் பக்கத்து நாய்களிடம் இருதயப் புழு உள்ளது. கேரளத்திலோ ரெபென்ஸே மேலோங்கி நிற்கின்றது. இவ்விரண்டுமன்றி, நிணநீர்க் குழாய்களில் வாழும் பிரூகியா இனப் புழுக்களும் உள. அவற்றுள் ஒன்றை 1962 ஆம் ஆண்டில் ஜயவர்த்தன என்னும் ஆய்வாளர் இந்நாட்டு நாய்களில் கண்டு விவரித்தார். அதன் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: பிரூகியா சிலோனென்சிஸ். அதற்கு முந்திய ஆண்டில், திசநாயக்கவும் பரமானந்தனும் இலங்கைக் காட்டு முயலின் இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் வாழும் மற்றொரு பிரூகியாவை விவரித்து, பக்லி என்ற புழுவியல் அறிஞரின் பெயரை அதற்குச் சூட்டினர். முயலின் இருதயத்துக்கும் தனியாக ஒரு புழுவை இயற்கை ஒதுக்கி வைத்திருக்கின்றது! வேட்டைக்குச் சென்று முயலோடு திரும்பிய நம் முன்னோருள் எவரேனும் அதன் இருதயத்தைப் பிளந்து பார்த்திருப்பரோ, அறியோம்.

ஆகவே முதற் பரிசோதனை புழுவை இனங்காண்பது. அதற்கு நொட் என்பவர் 1939 இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கின்றது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தை, நூற்றுக்கு இரண்டு வீதம் போமலின் கலந்த ஒன்பது மில்லிலீற்றர் நீரில் விட்டால் செங்கலங்கள் உடைந்துபோகும். குஞ்சுகள் விறைத்து நேராகக் கிடக்கும். குழாயைச் சுழலியில் வைத்துச் சுற்றி, அடியில் தங்கும் மண்டிக்கு நீலச்சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் நோக்கவேண்டும். இருதயப் புழுவின் குஞ்சு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு நீளமுடையது. தலை கூம்பியது, வால் நேரானது. ரெபென்சின் குஞ்சு அதனினும் சற்று நீளமானது, தலை மழுங்கியது. பிரூகியாவின் குஞ்சுக்கோ மெல்லிய உறையொன்று போர்வைபோல் இருக்கும். இரத்தத்தை மாலையில் எடுத்தல் நன்று. பகலில் ஒதுங்கும் குஞ்சுகள் மாலையிலும் இரவிலும் மிகுதியாக வெளியோடுகின்றன. நுளம்பு கடிக்கும் நேரத்தை அவை எவ்வாறு அறிந்தனவோ! பள்ளி மாணவர்க்கு ஒரு வார்த்தை: போமலின் கண்ணையும் மூக்கையும் எரிப்பது, ஆகவே இதனை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் அருகிலிருக்கச் செய்யலாமேயன்றி, வீட்டுக் குசினியில் முயலுதல் ஆகாது.

குஞ்சுகள் காணப்படவில்லையென்றால் புழு இல்லை என்று பொருளா? இல்லை. ஆண் புழுக்கள் மட்டுமே இருந்தாலும், பெண் புழுக்கள் இன்னும் முதிராதிருந்தாலும், நாயின் உடலே குஞ்சுகளை அழித்துவிட்டாலும் இரத்தம் வெறுமையாகவே தோன்றும். அதனால் இரண்டாவது பரிசோதனை ஒன்று உண்டு. முதிர்ந்த பெண் இருதயப் புழு நாயின் இரத்தத்தில் கசியவிடும் புரதப் பொருளைத் தேடுவது அது. கர்ப்பம் அறியும் அட்டையைப்போல ஒரு சிறு தட்டில் சில துளி இரத்தம் விட்டால், சில நிமிடங்களில் கோடு விழும் அல்லது விழாது. வசதியான சோதனைதான், ஆனால் அதன் மறுமொழியையும் வேதவாக்காகக் கொள்ளுதல் கூடாது. தொற்றிய ஐந்தாறு மாதம்வரை கோடு விழாது. ஆண் புழுக்கள் மட்டும் இருந்தாலும் விழாது. நாயின் எதிர்ப்புப் பொருள்கள் அப்புரதத்தைக் கட்டிப்பிடித்து மறைத்துவிடுவதும் உண்டு. அவ்வாறு ஐயமெழுந்தால் இரத்தநீரைச் சூடாக்கி அக்கட்டை அவிழ்த்தபின் மீண்டும் பார்ப்பர். வேறு சில புழுக்கள் இருக்கும்போது பொய்யாகக் கோடு விழுவதும் அரிதாக நிகழும். ஆகவேதான் குஞ்சுச் சோதனையும் புரதச் சோதனையும் ஒன்றாகச் செய்யப்பட வேண்டும் என்கின்றனர் வைத்தியர். ஒரு சாட்சியைக்கொண்டு வழக்கை முடிப்பதில் நமக்கும் உடன்பாடில்லை.

இவ்விரண்டும் புழுவைப் பற்றிப் பேசுகின்றன. புழு செய்த கேட்டைப் பற்றிப் பேசும் அடையாளங்களும் இரத்தத்தில் உள. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் உறவினர் "ட்ரோபோனின்" என்ற சொல்லைக் கேட்டிருப்பர். இருதயத் தசை காயமுறும்போது அதிலிருந்து இரத்தத்தில் கசியும் புரதம் அது. மனிதருக்கும் நாய்க்கும் இவ்விஷயத்தில் பேதமில்லை. இருதயத் தசை அளவுக்குமேல் இழுபட்டால் வெளிவரும் மற்றொரு புரதத்துண்டும் உண்டு. இருமல் இருதயத்தாலா சுவாசப்பையாலா என்று பிரித்தறிய அது உதவுகின்றது. உறைந்த இரத்தக் கட்டி கரையும்போது எஞ்சும் சிறு துணுக்குக்கு டி-டைமர் என்று பெயர். உடலில் எங்கோ அழற்சி மூண்டிருப்பதைச் சில மணித்தியாலங்களில் ஏறிக் காட்டி, தணிந்ததும் விரைந்து இறங்குவது சீ.ஆர்.பி.; அண்மைக் காலத்தில் காய்ச்சலுக்கு இரத்தம் சோதித்த வீடுகளில் அப்பெயர் பழகிப்போயிற்று. முட்டுவருத்தக்காரர் நன்கறிந்த இயோசினோபில் கலங்களும் புழுநோயில் பெருகும். ஆனால் இவற்றுள் ஒன்றாவது, "நான் இருதயப் புழுவால் வந்தேன்" என்று பெயர் சொல்வதில்லை. வீடு எரிவதை அவை காட்டும். தீ வைத்தவன் யார் என்பதைக் காட்டமாட்டா.

பின் அவற்றால் பயன் என்ன? சிகிச்சை தொடங்கிய பின்னரே அவற்றின் அருமை தெரியும். இருதயப் புழுவுக்குரிய மெலார்சோமின் என்னும் மருந்து முதுகுத் தசையில் ஆழமாக ஏற்றப்படும் ஆசனிக்குச் சேர்வைதான். இப்போதைய முறைப்படி முதலில் டொக்சிசைக்கிளின் குளிசையை நான்கு வாரம் கொடுப்பர். புழுவின் உடலுக்குள் வாழ்ந்து அதற்குத் துணைநிற்கும் ஒருவகை நுண்ணுயிரை அது அழித்து, புழுவை நலிவுறச் செய்கின்றது. அதன்பின் ஓர் ஊசி. ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாள்களில் இரண்டு ஊசிகள். ஆபத்து ஊசியைவிடச் செத்த புழுவிலேதான் மிகுதி. இறந்த புழுக்கள் துண்டுதுண்டாகிச் சுவாசப்பையின் சிறு நாடிகளை அடைக்கின்றன. அங்கே இரத்தம் உறைகின்றது. அந்நாள்களில் நாய் ஓடினால், துள்ளினால், பூனையைக் கண்டு கட்டை அறுத்தால்கூட உயிருக்கு நேரலாம். கடைசி ஊசிக்குப் பின்னர் ஆறு முதல் எட்டு வாரம்வரை அதைக் கட்டி வைத்தல் இன்றியமையாதது. அக்காலத்தில் டி-டைமரும் சீ.ஆர்.பி.யும் திடீரென ஏறினால், வெளியே நாய் அமைதியாகத் தோன்றினும் உள்ளே அடைப்பு நிகழ்ந்திருக்கலாம் என்று வைத்தியர் உஷாராவார். ஒரு நாளின் இலக்கத்தைவிட, அதே நாயின் முந்திய இலக்கத்தோடு ஒப்பிடுதலே பெரிது. ஆகையால் ஊசிக்கு முன்னரே ஒரு தரம் அளந்து வைப்பது அறிவுடைமை. புழு முற்றாக ஒழிந்ததா என்பதற்கு மட்டும் அவசரம் கூடாது. பெண் புழுவின் புரதம் இரத்தத்திலிருந்து மெல்லவே மறையும் ஆதலின், கடைசி ஊசிக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் அச்சோதனையை மீண்டும் செய்யச் சொல்கின்றனர்.

இத்தனை அளவைகளும் நம் குடாநாட்டில் நினைத்த மாத்திரத்தில் நாய்க்குக் கிடைக்கும் என்று சொல்லி வாசகரை ஏமாற்ற விரும்பவில்லை. செலவும் உண்டு. ஆனால் ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு சுழலி, சிறிது போமலின், பொறுமையுள்ள ஒரு கண் ஆகியவற்றைக்கொண்டு செய்யும் முதற் சோதனைக்குப் பெருஞ்செலவு இல்லை. விலை கூடிய சோதனை வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதும் அந்த மலிவான சோதனைதான்.

ஜிம்மியின் கதைக்கு வருவோம். மாலையில் எடுத்த இரத்தத்தில் குஞ்சுகள் ஏராளமாகக் கிடைத்தன. தலை மழுங்கியவை, நீளத்திலும் சற்றுக் கூடியவை, உறை இல்லை. புரதச் சோதனைத் தட்டில் கோடு விழவில்லை. இருந்தது ரெபென்ஸ். அந்த ஆசனிக்கு ஊசி ஏற்றப்பட்டிருந்தால், இல்லாத புழுவைக் கொல்வதற்காக எட்டு வயது நாயொன்று அதன் வலியையும் ஆபத்தையும் வீணே சுமந்திருக்கும்.

அப்படியாயின் இருமல்? படம் எடுத்துப் பார்த்ததில் இருதயம் தன் அளவில் இருந்தது. மூச்சுக் குழாய்களில் நாட்பட்ட அழற்சி. வைத்தியர் வீட்டாரைத் துருவித் துருவிக் கேட்டார். நுளம்புக்குப் பயந்து நண்பர் மாரிகாலம் முழுவதும் வாசற்படியில் இரவிரவாக நுளம்புச்சுருள் கொளுத்தி வைத்திருக்கிறார். அதன் பக்கத்திலேதான் ஜிம்மியின் படுக்கை! சுருள் அகன்றது, குளிசைகள் கொடுக்கப்பட்டன. இருமல் முற்றாக நீங்கிற்று என்று சொல்லமாட்டோம். இரவில் வீட்டார் உறங்கும் அளவுக்குக் குறைந்தது.

ரெபென்ஸ் நாய்க்குப் பெரும் தீங்கு செய்யாது என்றதும் அதை அப்படியே விட்டுவிடலாமே என்று நண்பர் கேட்டார். விடலாகாது. நாயைக் கடித்த நுளம்பு வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். மனித உடலில் அப்புழு பெரும்பாலும் குஞ்சு பொரிப்பதில்லை. தனியனாக அலைந்து, தோலடியில் ஒரு கட்டியாகவோ, கண்ணின் வெண்படலத்தின் கீழே நெளியும் நூலாகவோ வெளிப்படும். இலங்கையில் சிறு குழந்தைகள் உட்படப் பலரிடம் இது காணப்பட்டிருக்கின்றது. கட்டியை வேறு கொடிய நோயென்று அஞ்சி, அறுத்தெடுத்துப் பார்த்தபின் உள்ளே சுருண்ட புழுவைக் கண்டு ஆறுதலடைந்த பெற்றோரும் உளர். அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேறு மருந்தே வேண்டுவதில்லை.

பிரூகியாவின் செய்தி இன்னும் சிந்திக்கத் தக்கது. 1947 இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்பு இயக்கத்தின் காலத்தில், ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வளரும் நுளம்புக் குடம்பிகளை ஒழிக்க அத்தாவரத்தையே குளங்களிலிருந்து அகற்றினர். மனிதரிடமிருந்து பிரூகியா மறைந்தது. 2016 இல், யானைக்கால் நோய் இந்நாட்டில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் நெடுங்காலம் காணப்படாதிருந்த பிரூகியா மனிதரிடம் மீண்டும் ஆங்காங்கே தென்படலாயிற்று. நாயும் பூனையும் அதற்குப் புகலிடமாயிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அந்தப் பார்வையில், தெருநாயின் ஒரு துளி இரத்தம் ஊரின் சுகாதாரக் குறிப்பேடாகின்றது.

ஜிம்மிக்குக் கழுத்தின் பின்புறத்தில் மாதமொரு முறை இடும் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது. இம்மருந்துகளின் குடும்பத்தில் மூத்தது ஐவர்மெக்டின். அதைக் கண்டளித்ததற்காக ஜப்பானியரான ஓமுராவும் அயர்லாந்தில் பிறந்த காம்பலும் 2015 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அயல்வீட்டில் மீந்த மருந்தை வாங்கித் தம் நாய்க்கு இடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. இரத்தம் நிறையக் குஞ்சுகள் உள்ள நாய்க்குத் தகாத அளவில் மருந்திட்டால், அவை ஒருங்கே மடிந்து நாய் அதிர்ச்சியில் விழக்கூடும். கொலி இனத்து நாய்கள் சிலவற்றின் மூளைக்குள் அம்மருந்து அளவுமீறிப் புகுவதும் உண்டு. இரத்தம் பார்த்த பின்னரே மருந்து.

எஞ்சியது நுளம்பு. நல்ல தண்ணீர்க் கிணற்றை மட்டும் மூடினால் போதும் என்று நாம் எண்ணியிருந்தோம். 2011 இல் ரஞ்சன் இராமசாமி, சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தேடி, டெங்கு பரப்பும் ஈடிசு நுளம்புகள் உவர்ப்பு நீரிலும் வளர்கின்றன என்று வெளியிட்டனர். அவ்விரு ஈடிசுகளுள் ஒன்றான ஆசியப் புலிநுளம்பு நாயின் இழைப்புழுக்களையும் சுமக்க வல்லது. நண்பர் வளவில் உவர் ஏறிப்போய்க் கைவிடப்பட்ட பழங்கிணறு ஒன்று இருந்தது. சென்ற கிழமை அங்கு போயிருந்தபோது, அதன் வாய்க்கு நுண்ணிய வலை கட்டியிருந்தது. மகளின் செய்முறைக் கொப்பியில் மழுங்கிய தலையோடு ஒரு குஞ்சின் படம். கீழே, "மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் பார்க்க வேண்டும்" என்று எழுதித் திகதியும் இட்டிருந்தாள். ஜிம்மி கிணற்றடியில் நம்மைக் கண்டு ஒரு முறை குரைத்து, ஒரு முறை இருமி, மறுபடியும் படுத்துக்கொண்டது.